மெர்வினா அவிழ்த்த கயிறு

மெர்வினா லாரோண்டுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'திரும்பு மெர்வினா'. கரீபியன் தீவான டொமினிக்காவின் மலைக்காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள் பிழைப்பு. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை, அருவிச் சத்தம் காதில் விழுகிற தூரத்திலிருந்துகூட, வானம் சரியில்லை என்று ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறாள். மெர்வினாவோடு போனால் அருவியைத் தவிர எல்லாத்தையும் பார்க்கலாம் என்று ரம் கடையில் அவள் காதுபடவே பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கடந்துபோய்விடுவாள்.

அந்தச் சிரிப்பு வராதவன் ஆக்டேவ். அவள் கணவன் லெனோவின் தம்பி. லெனோ பக்கத்துத் தீவான குவாதலூப்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால், மூன்று வருடமாக ஆக்டேவ்தான் அவளோடு காட்டுக்கு வருகிறான். இடுப்பளவு வெள்ளத்தில் ஓர் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்கிற உடம்பு அவனுக்கு. அண்ணியின் பட்டப்பெயர் தன்மேலும் ஒட்டிக்கொண்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நவம்பரில் தலைநகர் ரோசோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பத்துப் பேர் சோ நுவார் அருவிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதில் யூடோரா டீச்சர் பணி ஓய்வு பெற்று, ஜனவரியில் கனடாவிலிருக்கும் மகளிடம் போகிறவர். வயது அறுபது, முழங்காலில் அறுவை சிகிச்சை பாக்கி. இதே டீச்சரை மெர்வினா இதற்கு முன் இரண்டு தடவை பாதி வழியில் திருப்பியிருக்கிறாள். மூன்றாவது தடவை சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மாலை மெர்வினாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் திட்டம் போட்டார்கள். சோ நுவாருக்குப் போகிற வழியில் ஒரே ஆறு ஐந்து இடத்தில் குறுக்கே வரும்; கடக்கிற இடத்தைத் துறை என்பார்கள். ஆறரைக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்கு மூன்றாம் துறை, பதினொன்றுக்கு அருவி. எங்கே நின்றாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆக்டேவ் முன்னால், மெர்வினா கடைசியில். வேகமாக நடப்பவர்களை முதலில் கூட்டிப்போய்விடலாம் என்றான் ஆக்டேவ். ஒரே வரிசைதான், ஒவ்வொரு துறையிலும் எல்லாரும் வந்த பிறகுதான் கடக்க வேண்டும் என்று அவள் மறுத்துவிட்டாள். அவித்த ஈரப்பலாவை யார் சுமப்பது, ரொட்டியை யார் சுமப்பது என்பதுவரை பேசியாயிற்று. கடைசியில் திமோத்தேயின் பேச்சு வந்தது.

திமோத்தே ஆறு பிறக்கிற மேட்டில் சேப்பங்கிழங்கு போட்டிருப்பவன். கீழே நட்சத்திரம் தெரிகிற வேளையிலும் மேலே மழை கொட்டும். அது அவனுக்குத்தான் தெரியும். காலை ஐந்து மணிக்கு அவனிடம் போனில் கேட்காமல் மெர்வினா ஒருநாளும் புறப்பட்டதில்லை.

"அவன் பொண்டாட்டி பாத்திரம் கழுவின தண்ணிய வெளிய ஊத்தினாலே மழைன்னு சொல்றவன், அண்ணி," என்றான் ஆக்டேவ்.

"சொல்லட்டும்."

"இந்தத் தடவையும் திருப்பினீங்கன்னா, நான் வேற எடம் பாத்துக்கறேன். ஊர்ல தலை காட்ட முடியல."

அந்தப் பேச்சு அவளுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திமோத்தேயின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்தேகாலுக்கும் எடுக்கவில்லை. ஐந்தரைக்கும் இல்லை. வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதற்குள் ஆசிரியர்களின் வேன் வாசலுக்கு வந்துவிட்டது. யூடோரா டீச்சர் புதுச் செருப்பும் கையில் கழியுமாக இறங்கி, மெர்வினாவைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் நின்றார். ஏதாவது கேட்டிருந்தால்கூட மறுத்திருக்கலாம் என்று மெர்வினா பிறகு நினைத்துக்கொள்வாள். போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றான் ஆக்டேவ். திரும்புகிற நேரத்தைப் பதினொன்றரையாகக் குறைத்துவிட்டு அவள் புறப்பட்டாள். செய்த தப்பு அதுதான் என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

முதல் இரண்டு துறைகளும் கணுக்கால் அளவுதான். இரண்டாம் துறை தாண்டியதும் ஓர் ஆசிரியையின் செருப்பு அடி பிய்ந்து தொங்கியது. மெர்வினா அதைச் சணலால் கட்டிக்கொடுப்பதற்குள் வரிசை நீண்டுவிட்டது. அவள் மூன்றாம் துறைக்கு வந்தபோது ஏழு பேர் இக்கரையில் நின்றிருந்தார்கள். ஆற்றின் குறுக்கே மரத்துக்கு மரம் பிடிகயிறு கட்டியிருந்தது. ஆக்டேவும் யூடோரா டீச்சரும் கார்னெட் என்கிற இளம் ஆசிரியரும் அக்கரை ஏறி, வளைவு தாண்டிப் போயிருந்தார்கள். டீச்சரின் நடை மெது என்பதால் முன்னால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

மெர்வினா தண்ணீரைப் பார்த்தாள். முழங்கால் அளவு; அடிக்கல் தெரிகிற தெளிவு. ஆனால் மிதந்துவந்த இலைகள் பச்சை. பழுத்து உதிர்ந்த இலை இல்லை, காம்போடு பிய்ந்த இலை; மேலே வெள்ளம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் பால் கலந்தாற்போல நிறம் மாறியது. அவள் விசிலை எடுத்து, அக்கரை போனவர்களுக்கு எச்சரிக்கையாக மூன்று தடவை ஊதினாள். எட்டுப் பேரையும் கரைமேட்டில், பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏறச்சொன்னாள். பின்னால் இரண்டாம் துறையும் இதே ஆறுதான். இனி அந்தப் பக்கமும் வழியில்லை.

அவர்கள் மூவரும் அக்கரையில் தலைகாட்டியபோது பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் ஆறு மார்பளவு ஏறிவிட்டது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் காலடி மண்ணில் அதிர்ந்தது. வாயால் கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. இரண்டு கையையும் உயர்த்தி, மேலே ஏறிப் போங்கள் என்று காட்டினாள். அந்தப் பக்கம் வேர்கள் பின்னிய மேடு ஒன்று இருந்தது. வெள்ளம் அதுவரை ஏறி அவள் பார்த்ததில்லை.

ஆக்டேவ் தலையை ஆட்டினான். கயிற்றைத் தொட்டுக் காட்டினான். டீச்சரைத் தன் முதுகில் தொற்றிக்கொள்ளச் சொல்வதும், டீச்சர் கழியைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடிப்பதும் தெரிந்தது. அவள் மறுபடி விசில் ஊதினாள். அவன் இடக்கையால் கயிற்றைப் பற்றி ஓர் அடி எடுத்து வைத்தான். தண்ணீர் தொடையில் ஏறியது.

மெர்வினா மரத்தடிக்கு ஓடினாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். நெகிழ்ந்து கொடுத்தது. இரண்டு சுற்றை உருவி, கயிற்றின் நுனியை ஆற்றில் எறிந்தாள். அது பாம்பாக நெளிந்து வெள்ளத்தோடு அக்கரை ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

பிடி தளர்ந்ததில் ஆக்டேவ் தடுமாறினான். கார்னெட் எட்டிப் பிடித்து இருவரையும் பின்னால் இழுத்தார். ஆக்டேவ் அவளைப் பார்த்து என்னவோ கத்தினான். சத்தம் கேட்கவில்லை, வாயசைவே போதுமாக இருந்தது.

செருப்புப் பிய்ந்த ஆசிரியை மெர்வினாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னம்மா பண்றீங்க? அவங்க எப்படி வருவாங்க?"

"வரக்கூடாது. அதுக்குத்தான்," என்றாள் மெர்வினா.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒன்பது பேர். ரொட்டி இங்கே, ஈரப்பலா அங்கே. மெர்வினா கரையில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் அதைத் தொடுவதையும் தாண்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடு கரைந்துவிட்டால்? கயிறும் இல்லாமல் அவர்களை அங்கே நிறுத்தியது யார்? உட்காரச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அக்கரையில் ஆக்டேவ் அவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

மூன்றரைக்கு மேல் குச்சி மறுபடி வெளியே வந்தது. நாலு மணிக்கு ஆக்டேவ் கயிற்றில் கல் கட்டி வீசினான். மூன்றாவது வீச்சில் அவள் பிடித்து மரத்தில் கட்டினாள். அவன் முதலில் தனியாகக் கடந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் போட்ட முடிச்சை இழுத்துச் சோதித்துவிட்டுத் திரும்பிப்போய் டீச்சரைக் கூட்டிவந்தான். யூடோரா டீச்சர் கரையேறியதும், "மூணு தடவை கெளம்பியாச்சு மெர்வினா, இன்னும் அருவியப் பாத்தபாடில்ல," என்று சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. மெர்வினாவின் கையைப் பிடித்தவர் வேன் வரும்வரை விடவில்லை.

மறுநாள் திமோத்தே கிழங்கு மூட்டையோடு வந்தான். நாலு மணியிலிருந்தே மேலே பேய்மழையாம். ஆடுகளை அவிழ்த்து மேடேற்றப் போனதில் போன் வீட்டிலேயே கிடந்ததாம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். போன் எடுக்காதது உன் தப்பு இல்லை, நீ எடுக்காதபோதும் புறப்பட்டது என் தப்பு என்று மெர்வினா அவனைத் தேற்றி அனுப்பினாள்.

ஆக்டேவ் ஐந்து வாரம் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு லெனோ ஊர் வந்ததால்தான் வந்தான். சாப்பிட்டு முடித்து லெனோ வெளியே போனதும், தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் கடந்திருப்பேன் அண்ணி," என்றான்.

"கடந்திருப்பே. டீச்சர்?"

அவன் தட்டை நகர்த்திவைத்தான். பிறகு, திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற படகு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். அவள், கடலில் பத்திரம் என்று மட்டும் சொன்னாள். அன்று அவன் கடந்திருப்பானா மாட்டானா என்பது அவளுக்கும் தெரியாது. ஊரும் இரண்டாகப் பிரிந்து இன்றுவரை பேசுகிறது.

பிப்ரவரியில் கனடாவிலிருந்து யூடோரா டீச்சர் கூப்பிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம். வருகிற டிசம்பரில் விடுமுறைக்கு வருவதாகவும், சோ நுவாருக்கு ஒரு நாள் குறித்து வைக்கும்படியும் சொன்னார்.

"டிசம்பர்ல முடியாது டீச்சர், மழை," என்றாள் மெர்வினா. "மார்ச்ல வாங்க."