படுத்த எட்டு

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது, கழித்துப் போட்ட ஒரு புரூஃப் தாள். கொடுத்தேன். நீயே வந்து பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான். நான் தலை நிமிரவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது நடந்தது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். இல்லாததைச் சேர்த்து எழுதினால் எனக்குக் கை கூசும். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், பகலில் பயமில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் பார்த்தது நல்ல வெயிலில்.

அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். ஐந்தாவது மாடி. பெற்றவர்கள் போய் வெகுகாலம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததைப் பற்றி இரண்டு பேருக்கும் பெரிய வருத்தமும் இல்லை. அவன் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவன். வேலை முடிந்தால் பழைய லென்ஸ்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீள லென்ஸ்கள். அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பெயரே 'பீரங்கி'.

அந்த லென்ஸ்கள் எங்களைவிட மூத்தவை. தானாக எதுவும் செய்யாது. கையால் வளையத்தைத் திருப்பித்தான் தெளிவு பிடிக்க வேண்டும். ஒரு அடாப்டர் வைத்து இந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவில் மாட்டுவான். கேமராவுக்கு அதை அடையாளம் தெரியாது. 'லென்ஸ் இல்லை' என்று திரையில் காட்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடு என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். "மூஞ்சியிலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறவன யாருன்னு கேக்குது பாரு, படிச்ச கழுதை" என்று கேமராவைத் திட்டுவான்.

லென்ஸின் உடம்பில் மீட்டர்க் கணக்கு பொறித்திருக்கும். நான்கு, ஐந்து, ஏழு, பத்து, இருபது... கடைசியில் முடிவிலிக் குறி. அண்ணன் அதைப் 'படுத்த எட்டு' என்பான். எட்டு படுத்துத் தூங்கிவிட்டால் அதற்குமேல் தூரம் கிடையாதாம். எது திரையில் தெளிவாகத் தெரிகிறதோ, அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வளையத்தில் இருக்கும் எண்ணே சொல்லிவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது லென்ஸ் வந்தால் அதைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எங்கள் ஜன்னலுக்கு நேரே, ஒரு தெரு தாண்டி, நான் வேலை செய்யும் அச்சகம். விடுமுறை நாளில் அதன் மொட்டை மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள். சாவி என்னிடம் உண்டு. தண்ணீர்த் தொட்டி ஓரமாக நான் புரூஃப் தாளை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுத்து எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று அவன் பார்ப்பான். ஒருமுறை அட்டைத் தலைப்பில் நான் கோட்டைவிட்ட ஒற்றெழுத்தை அங்கிருந்தே பிடித்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

இரண்டு கையும் தாளில் இருக்கும்போது போன் எடுக்க முடியாது. அதனால் எங்களுக்குள் சைகை. உள்ளங்கையைக் காட்டினால் 'நில்'. பக்கவாட்டில் வீசினால் 'நகரு'. கையை நீட்டிக் கவிழ்த்து விரல்களை மடக்கினால் 'வா'.

அந்தக் கடைசி நாளும் விடுமுறைதான், ஆனால் ஒரு பாடப்புத்தகத்தின் புரூஃப் மறுநாள் போயாக வேண்டியிருந்தது. அவன் வந்து மேசையருகே நின்றான். வாக்குவாதத்தை நானே முடித்துவைப்பேன் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் முற்றுப்புள்ளி.

"முற்றுப்புள்ளி, அஞ்சு நிமிஷம் வந்து நில்லு."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். நான் என்ன சோளக்கொல்லை பொம்மையா?"

"பொம்மை எதிர்த்துப் பேசாது."

"அப்ப போய் ஒரு பொம்மைய கட்டிக்கோ. இல்ல, நீயே போய் நில்லு."

சொன்னது நான்தான். நீயே போய் நில் என்று.

அவன் சிரித்தான். கூடத்தின் உள்சுவரை ஒட்டி முக்காலியில் கேமராவை வைத்து, ஜன்னல் வழியாக அச்சக மாடியைக் குறிபார்த்து, சற்று நேரத்துக்கொரு தடவை அதுவே படம் எடுக்கும்படி அமைத்துவிட்டு, அச்சகச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் போன் சார்ஜில் கிடந்தது.

கிளிக்.

கொஞ்ச நேரம் ஆனதும் இன்னொரு கிளிக். எனக்கு அது காதுக்குள் ஊசி குத்துவது போல இருந்தது. ஒரே வரியை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை எழுந்துபோய்க் கேமராவை அணைத்துவிட்டேன். திரையைப் பார்க்கவில்லை. கையால் தடவியே அணைத்தேன்.

அவன் திரும்பி வரவில்லை. சிநேகிதரான லென்ஸ் மெக்கானிக்கைப் பார்க்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்ததும் அச்சகக் காவலாளிதான் வந்து கதவைத் தட்டினார்.

மாரடைப்பு. உடனே போயிருக்கும் என்றார் டாக்டர். எல்லோரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நான் கேமராவை அணைத்ததை மறைக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ என்னம்மா செய்வாய், உனக்கென்ன தெரியும் என்றார்கள். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் அணைத்த நேரத்தில் அவன் இருந்தானா, போயிருந்தானா? கேமராவில் இருந்த கார்டுக்குத் தெரியும். அதைத் தொட எனக்குத் துணிவில்லை. கேமராவோடும் லென்ஸ்களோடும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மழைக்காலம் வந்தது. அண்ணனின் சிநேகிதர், லென்ஸ் கழற்றி மாட்டும் மெக்கானிக், ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். பூட்டி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்றார். "வச்சிக்கிறதுன்னா வச்சிக்கோம்மா. இல்லன்னா பயன்படுத்துற கைக்குப் போகட்டும். ஒவ்வொண்ணுலயும் தூரத்துல ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு எடுத்துக் காட்டு. எது உயிரோட இருக்குன்னு நான் பாத்து சொல்றேன்."

உயிரோடு என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த விடுமுறை நாள் பிற்பகல் கேமராவை எடுத்தேன். பேட்டரி ஏற்றினேன். முக்காலியின் மூன்று கால்களுக்கும் அண்ணன் தரையில் ஒட்டிய நாடாத் துண்டுகள் அப்படியே இருந்தன. அதன்மேலேயே வைத்தேன். அங்கிருந்து ஜன்னல் ஐந்து மீட்டர். நடுவில் என் மேசை.

முதல் மூன்று லென்ஸ்களும் ஒழுங்காக வேலை செய்தன. நாலாவது, இருப்பதிலேயே நீளமானது. அன்றைக்கு அண்ணன் மாட்டியிருந்தது இதுதான்.

வளையம் படுத்த எட்டில் இருந்தது. திரையில் அச்சக மாடி தெரிந்தது. தொட்டி, குழாய், குழாயில் உட்கார்ந்திருந்த காக்கை வரைக்கும் தெளிவு. தொட்டியோரம் மட்டும் வெளுப்பாக ஒரு தீற்றல்.

கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். போகவில்லை. நிமிர்ந்து ஜன்னல் வழியே வெறும் கண்ணால் பார்த்தேன். மாடி காலி. குனிந்து திரையைப் பார்த்தேன். தீற்றல் இருந்தது. ஓர் ஆள் உயரம்.

கிட்டே இருக்கும் ஏதோ ஒன்று குறுக்கே நின்றால் இப்படித்தான் மங்கலாக விழும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மெல்ல வளையத்தைத் திருப்பினேன். எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தது. மாடி மங்கியது. தீற்றல் திரண்டது. இந்தக் கேமராவில், தெளிவு பிடித்த ஓரங்கள் சிவப்பாக மின்னும். முதலில் நான்கு மூலைகள் மின்னின. ஒரு தாள். அப்புறம் தாளின் இரு பக்கமும்... விரல்கள்.

வளையத்தைப் பார்த்தேன். இருபது.

ஐந்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, அந்தத் தூரத்தில் நிற்பதற்கு என்ன இருக்கிறது? கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். மேலே வெயில்.

மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரையில், சிவப்பு ஓரங்கள் அணைந்துகொண்டிருந்தன. தாள் மங்கியது. ஆனால் பெரிதாகியிருந்தது.

நான் வளையத்தைத் தொடவில்லை. கேமராவை நகர்த்தவில்லை.

அது நகர்ந்திருந்தது.

ஏன் திருப்பினேன் என்று கேட்காதீர்கள். கை தானாகத் திருப்பியது. பத்து. மறுபடி சிவப்பு. இப்போது எழுத்துகள் தெரிந்தன. அடித்திருந்த ஒரு சொல். பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து.

முகம் தாளுக்கு மேலே... திரைக்கு வெளியே இருந்தது.

மங்கியது. திருப்பினேன். ஏழு. ஜன்னலுக்கு வெளியே.

மங்கியது.

ஐந்து. ஜன்னல்.

கிளிக்.

நான் பொத்தானைத் தொடவில்லை. அன்றைக்கு அவன் வைத்துவிட்டுப் போன அமைப்பு அப்படியே இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளிக்.

நான்கு. அந்த லென்ஸ் காணக்கூடிய கடைசிக் கிட்டம் அதுதான். நான்கு என்றால் வீட்டுக்குள். மேசைக்கு அந்தப் பக்கம். திரை முழுக்க ஒரு கட்டைவிரல். நகத்தோரம் பல் செய்யும் வெள்ளை மாவு படிந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத மாவு.

என் கை அணைக்கும் விசைக்குப் போனது. விரல் விசைமேல் பட்டது...

அங்கேயே நின்றது.

"அண்ணா," என்றேன். "நான் அணைக்கல."

திரை முழுக்க வெளுத்தது. லென்ஸ் காண முடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது.

கிளிக்.

என் காதோரம் தாள் சரசரத்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். கையை எடுக்கவில்லை.

கிளிக்... கிளிக்...

பிறகு அதுவே நின்றது.

கண்ணைத் திறந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மேசைமேல் வெயில் கிடந்தது. திரையில் அச்சக மாடி. தொட்டி, குழாய். காக்கை பறந்துபோயிருந்தது.

அந்த லென்ஸில் விழுந்திருந்த படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் காலி மாடி. எல்லாம் கூர்மை. தாளும் இல்லை, விரலும் இல்லை. பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கார்டில் அண்ணன் வந்தான்.

முதல் படங்களில் நிற்கிறான். தாளை விரித்துப் பிடித்து, என்னைக் கேலி செய்வது போல விறைத்துக்கொண்டு, சோளக்கொல்லை பொம்மையாக. பிறகு ஒன்றில் தாள் இல்லை, கை நெஞ்சில். அடுத்ததில் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அதற்கடுத்தது கடைசி. நான் அணைப்பதற்குச் சற்று முன் எடுத்தது. அவன் ஜன்னலைத்தான் பார்க்கிறான். வலது கையை நீட்டியிருக்கிறான்.

கை கவிழ்ந்திருக்கிறது. விரல்கள் மடங்கியிருக்கின்றன.

கூப்பிட்டிருக்கிறான். நான் போகவில்லை. அவன் வந்தான்.

எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வந்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எழுத மாட்டேன்.

மறுநாள் லென்ஸ்களை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூன்றையும் சோதித்துத் தள்ளி வைத்தார். நாலாவதைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. இதிலுமா எடுத்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"கிட்டத்துல எப்படிம்மா எடுத்தே? இது திரும்பாதே."

அண்ணன் போவதற்கு இரண்டு நாள் முன்பே அதை அவரிடம் கொண்டுவந்திருக்கிறான். உள்ளே கிரீஸ் கல்லாக இறுகி, வளையம் கடைசித் தூரத்தில் சிக்கிக்கொண்டிருந்ததாம். கழற்றலாம் என்று இவர் சொல்ல, தூரம் மட்டும் எப்படி விழுகிறது என்று முதலில் பார்த்துவிடுகிறேன் என்று அவன் திரும்ப எடுத்துப் போயிருக்கிறான். "நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு முறுக்கிப் பாத்தோம். அசையல."

என்னிடம் நீட்டினார். வாங்கித் திருப்பினேன். ஒரு கையால், பிறகு இரண்டு கையாலும். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

மற்ற மூன்றையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இது என் மேசைமேல், புரூஃப் தாள்களுக்குப் பாரமாக இருக்கிறது. கிரீஸ் கரைய அவர் கொடுத்த மருந்தையும் விட்டுப் பார்த்தாயிற்று. வளையம் படுத்த எட்டில்தான் நிற்கிறது.