துரை வாயில் ‘அப்ரூவ்ட்’, என் வாயில் ‘சரி’

1

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருசம் இருக்கும். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இளைய கிளாக்கர். முதல் நாளே என்னை மாட்டிவிட்ட சொல் ‘அப்ரூவ்ட்’.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்று லீவு கேட்பார்கள். துரை “அப்ரூவ்ட்” என்பார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். படித்த திமிரில், “அங்கீகரிக்கப்பட்டது” என்றேன்.

“ஐயா, அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?” என்று சிரித்தாள் இராக்காயி. புருசனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொழுந்தெடுப்பவள். அன்றிலிருந்து “துரை சரின்னுட்டாரு” என்றே சொல்லிவந்தேன்.

காலையில் வாய்ச்சொல், மாலையில் லீவுத் துண்டில் துரையின் கையெழுத்து. அதுதான் தோட்டத்து வழக்கம். துண்டை எழுதி மேசையில் வைப்பது என் வேலை.

2

இறம்பொடையில் தாய் படுத்த படுக்கை என்று இராக்காயி பதினாலு நாள், இரண்டு கிழமை லீவு கேட்டாள். “அப்ரூவ்ட்” என்றார் துரை. “துரை சரின்னுட்டாரு, போயிட்டு வாம்மா” என்றேன். பிள்ளைகளோடு போய்விட்டாள்.

அன்று துரைக்கு வழியனுப்பு விருந்து. நாற்காலி சுமந்து திரிந்ததில் துண்டை எழுத மறந்தேன், மடையன்! மறுநாள் துரை சீமைக்குக் கிளம்பிவிட்டார்.

புதுத் துரை ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலைப் புரட்டினார். துண்டு இல்லையென்றால் சொல்லாமல் ஓடிய ஆள். இராக்காயி பேரை வெட்டிவிட்டார். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும்.

வாயைத் திறந்தால் என் வேலை போகும், திறக்காவிட்டால் அவள் வீடு போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால் எழுந்து ரோட்டை எட்டிப் பார்ப்பேன், திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

3

வந்தாள். காம்பராவில் வேறு பூட்டு. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

“துரை சரின்னாருன்னு சொன்னீங்களே ஐயா?”

“சொன்னாரும்மா. நான்தான் கையெழுத்து வாங்கல.”

“அவரு இங்கிலீசுல என்ன சொன்னாருன்னு நான் என்னத்தக் கண்டேன்? நீங்க போன்னீங்க, போனேன். எங்களுக்கு உங்க வாயிதானுங்களே துரை வாயி?”

சத்தம் கேட்டுப் புதுத் துரை வெளியே வந்தார். இந்த லீவை அப்ரூவ் பண்ணியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

போன துரை என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனால் அவருக்கு எழுதிக் கேட்டுச் சீமைத் தபால் வரும்வரை இவள் பிள்ளைகளோடு எங்கே நிற்பாள்? அடுத்தவர் சொல்ல மொழிபெயர்த்தே பழகிய வார்த்தையை முதல் தடவையாக நானே சொன்னேன்.

“ஐ அப்ரூவ்ட் இட், சார்.”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். அவள் சொல்லாமல் ஓடவில்லை என்று தெரிந்ததும், உள்ளே போய் அவள் பேரை மறுபடி செக்ரோலில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை ஆபீஸிலிருந்து தூக்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போட்டார். ஒரு வருசம் தராசோடு நின்றேன்.

இப்போது ஆபீஸ்களில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கையெழுத்தைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் ‘சரி’ சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், பிறகு துரையைக் கைகாட்டாதீர்கள். அவள் நம்பிப் போனது உங்களை.