காணிக்கைப் பையில் இரண்டு சீட்டுகள்

எங்கள் சபைக்கு யார் மூப்பர் என்பதைக் கர்த்தரே ஒருமுறை நேரடியாக முடிவு செய்தார். அதற்குக் கை கொடுத்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

சபை என்றதும் கோபுரமும் மணியுமாகப் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்தை ஒட்டிய ஒரு ஆலயம். அதுவும் மலையாள சபையாருக்குச் சொந்தமானது. அவர்கள் ஆராதனையை முடித்துக்கொண்டு வெளியேறிய பிறகு, பெஞ்சின் சூடு ஆறுவதற்குள், பதினொன்றரை மணிக்கு நாங்கள் தமிழர்கள் உள்ளே போவோம். எங்களுக்கென்று இருந்த சொத்து ஒரு ஆர்மோனியமும், பாட்டுப் புத்தகங்கள் வைத்த தகரப் பெட்டியும், மரப்பிடி போட்ட சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பையும்தான்.

எங்கள் போதகருக்குக் கல்லாறு வரைக்கும் ஐந்து சபைகள். மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் எங்கள் முறை. மற்ற ஞாயிறுகளில் யாராவது எழுந்து ஏதாவது வாசிப்பார்கள். சிலசமயம் பாட்டோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இது இப்படியே போனால் சரிப்படாது, நிரந்தரமாக ஒரு சபை மூப்பரை வைத்துவிடலாம் என்று போதகர் சொன்னார். மூப்பர் பிரசங்கம் செய்ய வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், நோயாளிகளுக்கு ஜெபிக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனாலும் அதை ஆசைப்பட ஒருவர் இருந்தார். அவர் என் அப்பா.

அப்பா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் வழியாக இறையியல் படித்துப் பட்டயம் வாங்கியவர். அச்சகத்தில் பிழையென்று ஒதுக்கும் வேத விளக்கப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி வந்து, தானே பைண்டு செய்து, பொருள் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அலமாரி நிறைந்து, அடுக்களைத் தட்டுகளுக்கும் அவை பரவின.

"புளிப் பரணி வைக்க இந்த வீட்டுல ஒரு இடம் இல்ல. உயிர்த்தெழுதலுக்கு மட்டும் மூணு தட்டு!" என்று புளி ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கத்துவாள்.

அப்பா அந்தத் தட்டிலேயே இன்னொரு புத்தகத்தைச் செருகுவார். குளிக்கும்போது, குழாயை மூடிவிட்டு, "பிரியமானவர்களே" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுவார். நாங்கள் கேட்பது அவருக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், அந்தப் பிரசங்கங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்கு எதிராக நின்றவர் ஞானமுத்து அண்ணாச்சி. நின்றவர் என்பதே தப்பு. அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். தகரக் கொட்டகையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகை கொட்டகையாகப் போய் ஆட்களை எழுப்பி, குளிக்க வைத்து, பஸ் ஏற்றி ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. சிலர் மின்விசிறிக்காக வந்தார்கள், சிலர் ஆராதனைக்குப் பிறகு கிடைக்கும் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். இரண்டே வருடத்தில் சபையில் பாதி அவருடைய ஆட்கள்.

அண்ணாச்சிக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவர் ஜெபிக்கும்போது பிதாவும் குமாரனும் இடம் மாறி மாறி வருவார்கள். அப்பாவுக்கு வயிறு எரியும். வீட்டுக்கு வந்து, "மனுஷன் தங்கம்தான். ஆனா திரித்துவத்தப் போட்டு இப்படி மிதிக்காரே!" என்பார்.

எனக்குத் திரித்துவத்தைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை ஞாயிறு மத்தியானம். வாரத்தில் ஆறு நாளும் நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பே அப்பா போய்விடுவார். வரும்போது பேச்சே வராத அளவுக்குக் களைத்திருப்பார். ஞாயிறு மத்தியானம் மட்டும் என்னை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த வளாகத்து மிருகக்காட்சி சாலையில் நீர்யானைக்கு எதிரே உட்கார்ந்து, கப்பலண்டி என்று அங்கே சொல்லும் வறுத்த நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு, நான் கேட்கும் எல்லாக் கிறுக்குக் கேள்விகளுக்கும் பதில் சொல்வார். அம்மா வர மாட்டாள். அந்த மூன்று மணி நேரம் அவர் முழுக்க எனக்குத்தான்.

அந்த மலையாள சபைப் போதகரின் மகள் என் வகுப்பில் படித்தாள். மூப்பர் விஷயத்தை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தன் சோற்றுப் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பின்னெ ஞாயறாழ்ச்ச நினக்கு அப்பனெக் கிட்டில்ல, கேட்டோ" என்றாள். இனி உனக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பா கிடைக்க மாட்டார் என்று, ஏதோ பரீட்சைத் தேதி சொல்வதுபோல் சொன்னாள். அவள் அப்பா ஞாயிறு மத்தியானம் முழுக்கச் சபையார் வீடுகளில்தான் இருப்பாராம். நான் பாதிச் சோற்றோடு என் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டேன்.

தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை முற்றத்துக்கு விரட்டினார்கள். நான் மட்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு முதல் பெஞ்சில் ஒட்டிக்கொண்டேன்.

அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். "உபதேசம் பிசகினா எல்லாம் பிசகும். படிச்ச ஆளு வேணும், அதான் எனக்கு அபிப்பிராயம்" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கொத்தனார், "ஆளு வந்தாத்தானே சாரே உபதேசம்? வெறும் பெஞ்சுக்கா சொல்லப் போறீய?" என்றார். பின்னால் சிரித்தார்கள், முன்னால் முறைத்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். அப்பா மரியாதைக்காக அண்ணாச்சிக்குக் கை தூக்கினார். அண்ணாச்சி அப்பாவுக்குத் தூக்கினார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இருபத்தேழு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மனுஷன் தன் கைய மட்டும் தனக்குத் தூக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்லா" என்று பல்லைக் கடித்தாள்.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சபைக்குப் போக அவருக்கு பஸ் இருந்தது. அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள், நாமும் அப்படியே செய்யலாம், மனுஷர் கை எண்ணுவதைவிடக் கர்த்தர் சொல்வது மேல் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கள்ளம் தெரியாத ஒரு பிள்ளை எடுக்கட்டும் என்று சுற்றிலும் பார்த்தார். உள்ளே இருந்த ஒரே பிள்ளை நான்.

அப்பா உடனே எழுந்துவிட்டார். "ஐயா, எம் பிள்ள வேண்டாம். அது முறையில்ல."

"பாப்பாவே எடுக்கட்டும்யா. பச்சப் புள்ள மனசுல என்ன இருக்கப் போவுது?" என்று அண்ணாச்சி சொன்னார். நல்ல மனுஷன்! என் மனசில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் ஆளுக்கொரு தாளில் தங்கள் பெயரை எழுதிக் காணிக்கைப் பைக்குள் போட்டார்கள். போதகர் பஸ்ஸை மறந்து நீளமாக ஜெபித்தார். பிறகு பையை என் முன் நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டேன்.

ஒரு சீட்டு பீடி மாதிரி சுருட்டியிருந்தது. இன்னொன்று நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேர்த்து, மடிப்பை நகத்தால் அழுத்தி விட்டது. மளிகைச் சீட்டோ பஸ் டிக்கெட்டோ, எது கையில் கிடைத்தாலும் அப்பா அப்படித்தான் மடிப்பார், தொழில் பழக்கம். பைக்குள் இருட்டிலும் அது அப்பா என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் அதைத்தான் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்புறம் விட்டுவிட்டு, சுருட்டியதை எடுத்துக் கொடுத்தேன்.

போதகர் விரித்து வாசித்தார். "ஞானமுத்து."

பின்பெஞ்சுகள் ஸ்தோத்திரம் போட்டன. கர்த்தருடைய சித்தம், கர்த்தருடைய சித்தம் என்று முன்பெஞ்சும் தலையாட்டியது. முதலில் போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்தவர் அப்பாதான். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி. துளிகூட உறுத்தல் இல்லை. மத்தியானம் வழக்கம்போல் மியூசியத்துக்குப் போனோம். அன்று அப்பா எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கப்பலண்டிப் பொட்டலம் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள். நாளைக்கான வேதபகுதியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சாரே, கர்த்தரு என் பேரச் சொல்லிட்டாரு. ஆனா என்ன பேசணும்னு சொல்லலியே. நீங்க சொல்லித் தாங்க" என்றார்.

அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிலிருந்து ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் இது நடந்தது. அப்பா ஒன்றரை மணி நேரம் விளக்குவதை அண்ணாச்சி அடுத்த நாள் பத்து நிமிடத்தில் சொல்லி முடிப்பார். நடுவில் கட்டடத்தில் சாரம் சரிந்த கதை, மேஸ்திரியிடம் வசவு வாங்கிய கதை என்று கலந்துகட்டி விடுவார். திரித்துவத்தில் அவரவர் அவரவர் இடத்தில் இருக்கப் பழகினார்கள். உட்கார இடம் போதாமல் பக்கத்து ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிவந்து போட்டார்கள். அப்பா மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து, தன் சொற்கள் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று நான் கவனித்ததே இல்லை.

அடுத்த வருடம் அண்ணாச்சியின் காண்டிராக்டருக்கு மங்களூரில் வேலை கிடைத்தது. அவரும் போக வேண்டியதாயிற்று. போகும்முன் போதகரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இனி சீட்டும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம். நீங்கதான் நிக்கணும்" என்றார் போதகர்.

"நம்ம பயலுவள விட்டுராதீங்க சாரே" என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்பா ஒரு வாரம் தவணை கேட்டார். அம்மா மறுநாளே அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள்.

அந்த வாரக் கடைசியில், கிழக்கேகோட்டையில் நானும் அப்பாவும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அப்பா பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மோளே, அன்னைக்குப் பையில கைய விட்டியே. ரெண்டு சீட்டும் கைக்கு ஒண்ணு போலயா இருந்துது?"

கண்டுபிடித்துவிட்டார், இன்றைக்குத் தோலை உரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாக்கு தானாகப் புரண்டது.

"ஒண்ணு போலத்தான்ப்பா இருந்துச்சு."

"எது எதுன்னு உனக்குத் தெரியல, இல்லியா?"

"தெரியல."

"சரி மக்கா. அப்போ சரி" என்றார். குரல் எப்போதும்போல்தான் இருந்தது. அடி விழவில்லை. தப்பித்தேன் என்று எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் போதகரிடம், "ஒருக்கா கேட்டாச்சு ஐயா, பதிலும் வந்தாச்சு. திரும்பத் திரும்பக் கேக்கது மரியாதையில்ல" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஓய்வு பெற்ற சூப்பிரண்டு மூப்பரானார். அவர் நல்லவர், நேரம் தவறாதவர். ஆனால் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் யாரையும் எழுப்புகிறவர் அல்ல. கொட்டகை ஆட்கள் பத்து பத்தாகக் குறைந்தார்கள். நான் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தமிழ் ஆராதனையே மாதத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. குளியலறையிலும் அப்புறம் பிரசங்கம் கேட்கவில்லை. புத்தகங்களை மட்டும் தூசி தட்டி வைப்பார்.

ஞாயிறு மத்தியானங்கள் எனக்கே கிடைத்தன. பதின்மூன்று வயதானபோது, தோழிகளோடு சினிமாவுக்குப் போக வேண்டும், இனி உங்களோடு வரவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். சரி என்றார்.

இன்று எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அன்று பஸ் நிறுத்தத்தில் அப்பா என்ன கேட்டார் என்பது, அவன் பிறந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் கள்ளத்தனம் செய்தேனா என்று விசாரிக்கிறார் என்றுதான் அந்த ஒன்பது வயதில் நினைத்தேன். தெரிந்தேதான் உங்களை விட்டேன், எனக்கு நீங்கள் வேண்டும் என்று விட்டேன் என்று சொல்லியிருந்தால் என் காதைத் திருகியிருப்பார். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறியிருப்பார். தன்னை வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவர் என்னிடம் கேட்டார். கர்த்தர்தான் என்று நான் சொல்லிவிட்டேன்.