முகப்பு விளக்கில் கறுப்பு

போன வாரம் என் கைப்பேசிக்கு என்னுடைய வழுக்கைத் தலையின் படம் வந்தது. அனுப்பியது போக்குவரத்துக் காவல். திருவொற்றியூர் பக்கம் தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிய குற்றம். போக்குவரத்தில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது வரவேண்டியதுதான். மகளிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கேமராவுக்குத் தலையச் சீவிட்டுப் போயிருக்கலாம்லப்பா?" என்றாள். சீவ என்ன இருக்கிறது.

அவள் போனபிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயதானவர்களுக்குத் தங்கள் படத்தைப் பார்ப்பதில் ஒரு வெட்கங்கெட்ட ஆர்வம் உண்டு. என் வண்டிக்கு முன்னால் சாலையில் நீளமாக ஓர் ஈரக்கோடு தெரிந்தது. ஏதோ மீன் வண்டி ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வாடை வந்துவிட்டது. மீன், டீசல், நனைந்த கோணி. இருபத்தெட்டு வயதில் ராயபுரத்தில் ஒரு முக்கில் நின்று நான் பகல் முழுக்கச் சுவாசித்த வாடை.

எம்.ஏ. படித்துவிட்டு நேரடித் தேர்வில் சப் இன்ஸ்பெக்டர் ஆனவன் நான். ஊர் தெற்கே. மோட்டார் வாகனச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த மக்களின் பாஷையையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். அவர்களோடு பேசுவதற்காக அல்ல, அவர்களிடமே அதைப் பேசிக் காட்டிக் கேலி செய்வதற்காக. "இன்னா நைனா, எங்க போய்க்கினு கீற?" என்று நான் இழுத்தால் ஏட்டு கன்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அவர் அதே ஊர்க்காரர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லா வண்டியின் முகப்பு விளக்கிலும் மேலே கொஞ்சம் கறுப்பு பூசியிருக்க வேண்டும். இரவில் எதிரே வருகிறவருக்குக் கண் கூசக்கூடாது என்பதற்காக. நாங்கள் அதற்காகப் பகலில் வண்டியை நிறுத்துவோம், கண்ணைக் கூசவைப்பது மேலே எரியும் வெயில் மட்டும்தான் என்கிற நேரத்தில். வேறு குற்றம் எதுவும் கிடைக்காதபோது இது கிடைக்கும். பெயின்ட் உரிந்துபோயிருக்கும், கறுப்பு காகிதம் ஒட்டியிருந்தால் அது மழையில் போயிருக்கும்.

நிறுத்தியதும் முதல் வேலை சாவியைப் பிடுங்குவது. பேச்செல்லாம் அப்புறம். சாவி இல்லாத மொபெட்டாக இருந்தால் குனிந்து ஸ்பார்க் பிளக்கின் மூடியை ஒயரோடு பிடுங்கிவிடுவோம்; அது இல்லாமல் வண்டி கிளம்பாது. சட்டத்தில் வழக்கு எழுதச் சொல்லியிருக்கிறது. எதை வாங்கிவைத்தாலும் அதற்கு ஒப்புகை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. சாவியைப் பிடுங்கு என்று எந்த வரியிலும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினேன். மாலையில் திருப்பித் தராத சாவிகள் என் கால்சட்டைப் பையில் கிணுகிணுக்கும். "மாடு வருது" என்பாள் என் மனைவி.

சாவி போனவர்கள் காரணம் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், துறைமுகத்தில் கேட்டை மூடிவிடுவார்கள், மனைவிக்கு இடுப்புவலி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: அம்மா செத்துட்டாங்க. பத்தில் ஒன்பது பொய். ஒருவனுக்கு மூன்று மாதத்தில் இரண்டு முறை அம்மா செத்தாள். வேலை முடியும்போது கன்னியப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்பார், "இன்னிக்கு எத்தினி அம்மா செத்தாங்க சார்?" தினமும் கேட்பார். தினமும் நான்தான் பெரிதாகச் சிரிப்பேன்.

கத்திரி வெயில் நாள் ஒன்று, காலை பத்து மணி இருக்கும். ஒரு மொபெட் வந்தது. பின்னால் கோணியில் சுற்றிய முழு ஐஸ்பார், கயிற்றால் கட்டியிருந்தது. அந்தச் சாலையில் ஐஸ் போவது அதிசயமே இல்லை. விளக்கில் கறுப்பு இல்லை. கை காட்டினேன். கன்னியப்பன் குனிந்து பிளக் மூடியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"சார், சார், வுட்டுடு சார். அம்மா செத்துட்டாங்க. வூட்ல கெடக்குறாங்க. அதுக்குத்தான் ஐஸு."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்: "எத்தினாவது வாட்டி நைனா?"

அவனுக்குப் புரியவில்லை. "காலீல சார். தம்பி கடலுக்குப் போய்க்கீறான். நாளைக்குத்தான் போட்டு வரும். அதுவரிக்கும் வைக்கணும். கரண்ட் இல்லாம பாக்டரில ஐஸே இல்ல சார், கால்ல வுழுந்து ஒண்ணு வாங்கியாந்தேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. அவன் மேலே ஒன்று சொன்னான்: "கேஸ் எழுதிக்கோ சார், வேணாங்கல. ரசீது குடு, போய்க்கினே இருக்கேன். பிளக்கப் புடுங்க ரூல் இல்லியே சார்."

சரியான வார்த்தை. என்னைப் போலப் படித்தவன் சொல்லியிருந்தால் மூடியைத் திருப்பித் தந்திருப்பேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ரூலு பேசுறியா? அப்ப ரூல்படி நில்லுடா. எழுதுறப்ப எழுதுவேன்" என்று மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நிழலில் நிற்கவிடவில்லை. சாலையோரம், வண்டிக்குப் பக்கத்தில், வெயிலில். அவன் சட்டையைக் கழற்றிக் கோணியின் மேல் போட்டான். பிறகு வண்டிக்கும் வெயிலுக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டு நின்றான். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் தெரிந்தது. தண்ணீர் கோணியிலிருந்து சொட்டி, ஓடி, என் பூட்ஸ்வரை வந்தது. நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

கன்னியப்பன் போய்க் கோணியை விலக்கி, லத்தியின் முனையால் ஐஸைத் தட்டி இரண்டு துண்டு எடுத்துவந்தார். ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். நான் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நிறைய முடி. முடிக்குள் இறங்கிய அந்தக் குளிர்ச்சி மிகச் சுகமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் சுகமாகத்தான் இருந்தது. அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவன் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

மூன்று மணிக்கு நான் சாப்பிடக் கிளம்பும்போது மூடியை அவன் காலடியில் போட்டேன். வழக்கும் எழுதவில்லை, ரசீதும் தரவில்லை. அவன் தூக்கிக் கட்டிய கோணி தொங்கிப்போய்க் கிடந்தது. உள்ளே ஒரு கை அளவுக்கு ஏதாவது இருந்திருக்கலாம்.

சில நாள் கழித்து அதே மொபெட் தானாகவே என் முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் வேறு, சின்னவன், தலை மொட்டை. விளக்கின் மேல் தார் மாதிரி கறுப்பு அப்பியிருந்தது.

"கறுப்பு அடிச்சாச்சு நைனா, பாத்துக்கோ."

"என்னப்பா விஷயம்?"

"ஐஸு எடுத்துக்கினு வந்தான்ல தேசப்பன், அவன் தம்பி. நான் மறுநாளு காலீல கரையேறினேன். வெயிலு தாங்கலன்னு மின்னாடி நாளு சாயங்காலமே அம்மாவ எடுத்துட்டாங்கோ. அம்மாவுக்குக் கடசிப் புள்ளதான் கொள்ளி வைக்கணும். நாந்தான் கடசி." குரலை உயர்த்தவேயில்லை. "மொகத்தக்கூட பாக்கல. எங்க நிக்க வச்ச அவன?"

நான் இடத்தைக் காட்டினேன். அவன் அங்கே போய் நின்றான். காலில் செருப்பில்லை. தரையைப் பார்த்தான். அங்கே ஈரமெல்லாம் காய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"எம்மாம் நேரம் நிக்க வச்ச?"

அந்த முக்கில் நான் கேட்ட பொய்கள் ஏராளம். நான் சொன்னது அந்த ஒன்றுதான். "பத்து நிமிஷம் இருக்கும்ப்பா."

கன்னியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி என்னையே பார்த்தான்.

"பத்து நிமிஷத்துல ஐஸ்பாரு கரையுமா நைனா?"

கேட்டதோடு மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். அடித்திருந்தால் உள்ளே தள்ளியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு கொஞ்ச நாள் கன்னியப்பன் தன் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், வேலை முடிந்து தொப்பியைக் கழற்றும்போது, பழக்கத்தில் வாய்தவறி, "இன்னிக்கு எத்தினி அம்மா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். நான் சிரித்தேன். பழைய அளவுக்கே சிரித்தேன்.

படம் வந்த மறுநாள் அந்த முக்குக்குப் போனேன், தலைக்கவசத்தோடு. நாங்கள் ஒதுங்கும் நிழற்குடை இல்லை. கன்னியப்பனும் இல்லை, செத்துப் பல வருஷமாகிறது. முகப்பு விளக்கில் கறுப்பு எந்த வண்டியிலும் இல்லை; புது வண்டிகளில் விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டே போகிறது, அதுதான் இப்போது விதியாம். பிணத்துக்கு ஐஸ்பார் வாங்க யாரும் அலைவதில்லை. போன் செய்தால் குளிர்பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. நான் நின்ற இடத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் கேமரா. அது யாரையும் நிறுத்துவதில்லை. சாவியைப் பிடுங்குவதில்லை. யாரும் அதனிடம் வண்டியை ஓரங்கட்டிக் கையெடுத்துக் கும்பிட்டு எதையும் சொல்வதுமில்லை.

வெகுநேரம் நின்று பார்த்தேன். இப்போதெல்லாம் அந்த முக்கில் யாருடைய அம்மாவும் சாவதில்லை.