மடத்து பீரும் என் மொட்டைத் தலையும்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினேன். திருப்பதிக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய் பத்தணா. ஏறத்தாழ தொண்ணூறு மைல். நான் போக வேண்டிய ஊரோ சித்தூர். காட்பாடி வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் சுற்றுவழியில் போனேன். என் பைக்குள் இரண்டு வேட்டிகளுக்கு நடுவே இரண்டு பீர் புட்டிகள் படுத்திருந்ததுதான் காரணம். திருப்பதி ரயிலில் யாத்ரீகர்களின் மூட்டையைப் போலீசார் அவ்வளவாகக் கிளறுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆந்திரா தனி மாநிலமாகப் போனபோது சித்தூரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. மதுவிலக்கை மட்டும் இரண்டு சர்க்காரும் சண்டை சச்சரவில்லாமல் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே எந்தப் பக்கம் பிடிபட்டாலும் எனக்குக் கம்பிதான்.

புட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் துறவிகள் தங்கள் கையாலேயே காய்ச்சும் பீர் அது. கடையில் விற்க மாட்டார்கள். மடத்து வாசலில் போய் நிற்பவனுக்கு மட்டும், அதுவும் அளந்துதான் கொடுப்பார்கள். நான் சரக்குக் கப்பலில் பட்லராக இருந்த காலத்தில் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். கூட வந்தவன் எங்கள் கப்பல் சமையல்காரன் ஏகாம்பரம். நகரியில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, தறியை விட்டுக் கடலுக்கு வந்தவன். மடத்து மதில் ஓரம் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புட்டி குடித்து, ஆளுக்கு ஒரு ஹவானா சுருட்டு பிடித்தோம். கடலில் கழித்த இருபது வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் நாங்கள் துரைகளாக இருந்தது.

போன வருஷம் துறைமுகத்தில் பழக்கமான ஒரு பெல்ஜிய எஞ்சினியர் அதே மடத்துப் புட்டி இரண்டும் சுருட்டு நாலும் கொடுத்துவிட்டுப் போனார். ஏகாம்பரம் வரும்போது திறக்கலாம் என்று அவனுக்கு எழுதிவிட்டு வைத்திருந்தேன். அவன் வரவில்லை. சித்தூரிலிருந்து அவன் மனைவி லட்சுமியின் கடிதம்தான் வந்தது. அவனுக்கு வயிற்றில் கட்டியாம். மிஞ்சினால் மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். “அவரிடம் வெறும் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோவார். நீங்கள் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போங்கள் அண்ணா. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாதீர்கள்” என்று எழுதியிருந்தாள். எதைக் கேட்டாலும் கொடுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். அவன் கேட்டது அந்த பீரை.

காலை ஒன்பது மணிக்குத் திருத்தணி தாண்டியதும் வண்டியில் எல்லைப் பேச்சு கிளம்பியது. என் எதிரே உட்கார்ந்திருந்த நகரி நூல் வியாபாரி எதிலும் சேரவில்லை. “வூட்ல தமிழ் பேசிக்கினு கீறோம், ஆபீஸ்ல தெலுங்குல எழுதிக்கினு கீறோம். கோட்ட எங்க போட்டா இன்னா, நூல் வெல எறங்குமா?” என்றார். நான் சித்தூர் போவதாகச் சொன்னதும் என் பையைப் பார்த்தார். நான் அதை மடியில் அணைத்திருந்த விதமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

“திருப்பதிலேர்ந்து சித்தூர் பஸ்ஸுல சோதன ஜாஸ்திங்க” என்றார். “மொட்டை போட்டவன மட்டும் தொட மாட்டாங்க. சாமி மேல பயம்.”

நல்ல யோசனைதான் என்று பட்டது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஏகாம்பரத்துக்கும் கிடையாது. புயலில் கப்பல் ஆடும்போது மற்றவர்கள் கும்பிட, நாங்கள் இரண்டு பேரும் சீட்டாடியவர்கள். மயிர்தானே, முளைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ரேணிகுண்டாவில் சின்ன ரயிலுக்கு மாறித் திருப்பதி போய், ஒரு சத்திரத்தில் எட்டணா கொடுத்துத் தங்கினேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புட்டிகளைச் சத்திரத்து அலமாரியில் பூட்டிவிட்டு மலைக்கு பஸ் ஏறினேன். பன்னிரண்டு மைல் வளைவுப் பாதை. மேலே குளிர், ஈரக்கல், தலைமயிர்க் குவியல், அழுகிற குழந்தைகள். நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தபடி, “ஏமி மொக்கு சாமி?” என்று கேட்டார். என்ன வேண்டுதல் என்று கேட்கிறார். பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லி அழுதுகொண்டே தலையைக் கொடுத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாமி பார்க்காமல் இரண்டு லட்டு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பதினொன்றரைக்குச் சித்தூர் பஸ். நாற்பத்து நான்கு மைல், ஒரு ரூபாய் ஆறணா. சந்திரகிரி தாண்டியதும் வெயில் மொட்டை மண்டையில் சுள்ளென்று இறங்கியது. வழியெல்லாம் காய்ந்த ஏரிகள். பூதலப்பட்டு அருகே பஸ்ஸை நிறுத்தி ஒரு கான்ஸ்டபிள் ஏறினார். முன் சீட்டுக்காரனின் படுக்கையை அவிழ்த்து உதறினார். என்னைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. “பிரசாதம் உந்தா சாமி?” என்றார். ஒரு லட்டைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இதைச் சொல்லியே ஏகாம்பரத்தை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிடலாம் என்று சித்தூர் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மணி இரண்டே முக்கால் இருக்கும். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. முன்பக்கம் அவன் நடத்திய இட்லிக் கடை சாத்திக் கிடந்தது. ஏகாம்பரம் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தான். கப்பலில் அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கியவன், இப்போது எலும்பும் தோலுமாக இருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பிறகு கண் என் தலைக்குப் போனது.

“யாருக்குடா?” என்றான். சாவு என்று நினைத்துவிட்டான்.

“யாருக்கும் இல்லடா. மலைக்குப் போய் வந்தேன்.”

“நீயா? மலைக்கா?”

அதற்குள் லட்சுமி சொம்பில் தண்ணீரோடு வந்தாள். என் தலையைப் பார்த்தாள். “அண்ணா, இவருக்காகவா...” என்று ஆரம்பித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏகாம்பரம் அவள் போன திசையைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவசர அவசரமாகக் கான்ஸ்டபிள் கதையை அவிழ்த்துவிட்டேன். அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

புட்டிகளை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் குளிர வைத்தோம். ஐந்து மணிக்கு ஒன்றைத் திறந்தேன். அடியில் வண்டல் தங்குகிற பீர் அது. புட்டியைச் சாய்த்தபடியே மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையைப் புட்டியிலேயே விட வேண்டும். அவனே ஊற்றினான், சமையல்காரன் கை தப்பவில்லை. கஷாயம் போன்ற கறுப்பு நிறம், மேலே தடித்த நுரை. பக்கத்து ஊரான பங்காருபாளையத்து மாங்காயை உப்பு மிளகாயோடு நறுக்கி வைத்துவிட்டு லட்சுமி அடுப்படிக்குப் போனாள். நாலு சுருட்டில் இரண்டை எடுத்து நுனி கிள்ளி, தீக்குச்சியின் கந்தக வாடை போகும்வரை காத்திருந்து பற்றவைத்தேன்.

அவன் ஒரு வாய் பீரை நெடுநேரம் நாக்கில் வைத்திருந்தான். “கருகின வெல்லம்” என்றான். “அப்புறம் பேரீச்சம்பழம். கடைசீல கொஞ்சம் கம்பங்கூழு புளிப்பு.” சுருட்டை இழுக்க மூச்சுப் போதவில்லை. புகையை வாயில் மட்டும் நிறுத்தி விட்டான். “இத்தோட சேந்தா அந்தப் புளிப்பு காணாம பூடுது பாரு. அன்னிக்கும் இப்டித்தான்.” உண்மைதான். நானும் குடித்தேன். நாக்குக்கு அமிர்தமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“போலீஸ்காரன் கத நல்லா ஜோடிச்சடா.”

“ஜோடிக்கல. நெஜமாவே அந்தப் போலீஸ்காரனுக்காகத்தான் மொட்டை போட்டேன்.”

“பாட்டில் எடுத்தார்றதுக்கு உனுக்கு நூறு வழி தெரியும். நீ மொட்டை போட்டுக்கினு வந்து நிக்கறேன்னா டாக்டர் கைய விரிச்சுட்டான்னு அர்த்தம். எத்தினி மாசம்?”

போலீஸ்காரனுக்காகத்தான் மொட்டை என்று சத்தியம் செய்தேன். எந்தச் சாமியின் மேல் செய்வது என்று தெரியாமல் என் பிள்ளை தலையில் செய்தேன். அவன் நம்பவில்லை. ஒரு போலீஸ்காரனை ஏமாற்றப் போட்ட வேஷம், லட்சுமி இத்தனை நாளாக வாயைக் கட்டிக் காத்ததை ஒரே நொடியில் போட்டு உடைத்துவிட்டது. என் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

“உனக்கு வெறும் குடல்புண்தான்டா” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“சரி, உடு” என்று என் கையைத் தட்டினான். உடைந்துபோகவில்லை. நான்தான் உடைந்துபோயிருந்தேன். “எனக்கு தெரிஞ்சது அவளுக்கு தெரிய வேணாம். மறைச்சு வச்சிருக்கோம்ற தைரியத்துலதான் அவ ஓடிக்கினு கீறா. நீ வாயத் தொறந்தே, அப்புறம் இந்த வூட்டுப் பக்கம் வராத.”

சுருட்டு அணையும்வரை இருவரும் சாலையில் போன மாங்காய் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது புட்டியை அவன் திறக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் காட்பாடி ரயில். இருபத்திரண்டு மைல்தான். பையில் புட்டி இல்லாததால் திரும்பும்போது சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. சென்னைக்குப் போனால் என் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை. வாய்க்கு வந்ததைக் கத்தித் தீர்த்துக்கொள்வோம். அதுதான் நல்லது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிய பிறகு எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லட்சுமி வாசல் வரை வந்தாள். அந்தக் கடிதத்தை எழுதியவளா என்று சந்தேகப்படும்படி முகம் தெளிந்திருந்தது.

“எத்தினி நாள் ஆச்சுண்ணா அவுரு இப்டி சிரிச்சு! காலைல எய்ந்ததும், ஒடம்பு தேறினா கடைய தொறக்கணும்னு அவுரே சொல்றாரு. நேத்து நான்தான் அய்துட்டேன், எங்க கண்டுக்கினாரோன்னு பயந்துக்கினே இருந்தேன். நல்லவேள, அவுருக்கு ஒண்ணும் தெரியலண்ணா.”

உள்ளேயிருந்து ஏகாம்பரம் அவளைக் கூப்பிட்டான். காபியில் சர்க்கரை கம்மியாம், எப்போதும் போலச் சத்தம் போட்டான்.

“ஒண்ணும் தெரியாதும்மா” என்றேன்.