கரியன் என்கிற சாம்பல் நாய்

நகராட்சியின் நாய் உரிமப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவரை எல்லோரும் ‘அடையாளம் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

உரிமப் பதிவேட்டில் ‘நிறம்’, ‘அடையாளம்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் ‘பழுப்பு’, ‘இல்லை’ என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் நாயை மேஜைமேல் ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ‘இடது முன்னங்காலில் மூன்று விரல் வெள்ளை, நான்காவது பாதி.’ ‘புருவத்துக்கு மேல் இரண்டு செம்புள்ளி, வலது சற்றுப் பெரிது.’ கலப்பின நாய் வந்துவிட்டால் மனிதருக்குக் கொண்டாட்டம்தான். உயர்ந்த சாதி நாய்களெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும், எழுத என்ன இருக்கிறது என்பார். மனைவியின் தழும்பு எந்தப் புருவத்தில் என்று கேட்டால் யோசிப்பார். அது வேறு விஷயம்.

தையல்காரம்மாவின் நாயையும் அவர்தான் பதிந்தார். பூடில் கலப்பு, மூன்று மாதக் குட்டி. ‘நிறம்: மை போன்ற கறுப்பு. அடையாளம்: நெஞ்சில் வெள்ளை, தலைகீழாக நிற்கும் கமா போல, வால் இடப்பக்கம்.’ கரியன் என்று பெயர் வைத்திருந்தாள்.

மூன்று வருடம் கழித்து அந்த நாய் தொலைந்தது. நகராட்சிக் காப்பகத்தில் அதைப் பார்த்தேன் என்று தையல்காரம்மா ஓடி வந்தாள். அடையாளம் சார் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவளோடு போனார். கூண்டில் இருந்தது வெளிறிய சாம்பல் நிற நாய். நெஞ்சில் வெள்ளை இருந்ததா என்று சொல்ல முடியாதபடி உடம்பு முழுக்க ஒரே வெளுப்பு. கதவைத் திறந்ததும் அது நேராக வந்து அவள் மடியில் உட்கார்ந்தது.

வர வர வெளுத்துப்போச்சு என்று அவள் சொன்னாள். போனில் இருந்த படங்களைக் காட்டினாள். வெளிச்சம் மாறினால் படத்தில் எல்லாம் மாறும், பதிவேடுதான் பேசும் என்று அவர் ஒரே போடாகப் போட்டார்.

“சாம்பல் நாயைக் கரியன்னு யாரும்மா கூப்பிடுவாங்க?” என்று கேட்டு, ‘பொருந்தவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எட்டாம் நாள் நாய் வேறொருவருக்குப் போயிற்று. அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றரை வருடம் ஓடியது. நான்கு வருடம் முன்பு வந்துபோயிருந்த மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தான். கூடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்த, அடையாளம் சார் குட்டியிலிருந்து வளர்க்கும் நாயைப் பார்த்துவிட்டு, “அத்தான், அந்தக் காபிக்கொட்டைக் கலர் நாய் செத்துப்போச்சா? சொல்லவே இல்லையே” என்றான்.

அடையாளம் சார் சிரித்தார். இதுதானடா அது என்றார். சொன்ன பிறகுதான் நாயைத் திரும்பிப் பார்த்தார். பால் கூடிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண், ஊருக்கெல்லாம் விரல் எண்ணி எழுதிய கண், தன் வீட்டில் நான்கு வருடமாக நடந்ததைக் கவனிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை நாயைக் குளிப்பாட்டினார். குட்டியில் அதன் தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது அவருக்கு மனப்பாடம். இப்போது முடியில் அது கலந்துபோயிருந்தது. முடி நனைந்து ஒட்டியதும், அடர்நிறத் தோலுக்கு நடுவே அதே திட்டு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முடிதான் நிறம் மாறியிருந்தது. தோல் அப்படியே இருந்தது. தையல்காரம்மாவின் நாயை அடையாளம் காண அன்று அதன் நெஞ்சில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் விலாசம் தேடி எடுத்து, கரியனைக் கொண்டுபோனவர் வீட்டுக்குப் போனார். ஓய்வுபெற்ற தபால்காரர், தனிக்கட்டை. நாய்க்குக் ‘கிழவன்’ என்று பெயர் வைத்திருந்தார். எதற்கு என்று முழுக்கச் சொல்லாமல், நெஞ்சை மட்டும் நனைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார் அடையாளம் சார். தலைகீழ் கமா, வால் இடப்பக்கம். தன் எழுத்தையே தோலில் படித்ததுபோல் இருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. “கரியா” என்றார் மெதுவாக. நாய் சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தது. கூப்பிட்டவரை அது பார்க்கவே இல்லை. தபால்காரர் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராகத் தையல்கடைக்குப் போனார். தையல்காரம்மா ஒரு பாவாடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையதுதான் என்றார். எழுதியதை ரத்துசெய்து, நாயைத் திருப்பி வாங்கித் தருவதாகவும் சொன்னார். அவள் கத்தரியை நிறுத்தவில்லை.

“அன்னிக்கு அது என் மடியில வந்து உக்காந்துச்சே சார். அதை எந்தக் கட்டத்துல எழுதினீங்க?”

அதுக்குக் கட்டம் இல்லம்மா என்றார் அவர்.

துணி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. பிறகு, அங்கே அது யார் பக்கத்தில் படுக்கிறது என்று கேட்டாள். தபால்காரப் பெரியவரின் கட்டிலுக்குக் கீழே என்றார்.

“அப்ப இருக்கட்டும். இப்பப் போய்ப் பிடுங்கிட்டு வந்தா, நீங்க எனக்குச் செஞ்சதை நான் அவருக்குச் செஞ்சதா ஆயிடும்.”

தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் நிமிரவில்லை.

ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. அந்த ஆறு வருடமும் ‘அடையாளம்’ கட்டத்தைப் பேனாவிலும், ‘நிறம்’ கட்டத்தைப் பென்சிலிலும் எழுதினார். மேலதிகாரி காரணம் கேட்டபோது, நிறத்தைப் பேனாவில் எழுதிப் பார்த்துவிட்டேன் சார் என்றார்.