பிளெஸ்ஸி வண்டியின் இடது பக்கம்

மீமிசலில் கடலுக்குப் போகிற பைபர் படகுகளில் பாதிக்காவது பீட்டரின் கை பட்டிருக்கும். இன்னொரு படகு மோதி விலா உடைந்தது, இன்ஜின் அதிர்ந்து அதிர்ந்து பின்பக்கம் விரிசல் விட்டது என்று எது வந்தாலும் கரையில் கவிழ்த்துப் போடுவார். உடைந்த இடத்தைச் சுரண்டித் தேய்த்து, கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து, ரெசின் பூசிக் காயவிடுவார். அவர் ஒட்டிய இடத்தில் மறுபடி தண்ணீர் வந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவரை ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் துண்டு அந்தக் கோடை முழுக்கப் படுத்தி எடுத்தது.

அந்தப் பிளாஸ்டிக் அவருடைய தங்கை பிளெஸ்ஸியின் வண்டியில் இருந்தது. பிளெஸ்ஸி ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சுடிதாரை மாற்றி, முட்டிக் கவசமும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு மண்ணில் பைக் ஓட்டப் போய்விடுவாள். வண்டி, ரேஸை விட்டுவிட்ட ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் வாங்கிய பழைய வெளிநாட்டு வண்டி. குதிரை மாதிரி உயரம், லைட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால் எங்கே போனாலும் குட்டியானை வேனில் ஏற்றித்தான் போக வேண்டும். ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது, கழற்றி மாட்டுவது எல்லாம் பீட்டர். தங்கை ஓட்டுவதில் அவருக்குப் பெருமை உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

அந்த வண்டியில் இன்ஜினைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் பெட்ரோல் டேங்குக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். அதற்குக் காற்றைத் திருப்பிவிடவும், ஓட்டுகிறவரின் முழங்கால் அதில் சிக்காமல் வழுக்கிப் போகவும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி ஒன்று விரிந்திருக்கும். மேலே டேங்கோடு இரண்டு போல்ட், கீழே ரேடியேட்டரோடு ஒரு போல்ட். பிளெஸ்ஸி அதை ஷ்ரவுட் என்பாள். பீட்டரின் மனைவி வனிதா றெக்கை என்பாள். பீட்டர் அதற்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

மணமேல்குடிப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் பழகும்போது பிளெஸ்ஸி இடது பக்கமாக விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷ்ரவுட்டின் கீழ் ஓட்டை மட்டும் விளிம்பு வரைக்கும் கிழிந்திருந்தது. பீட்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். படகுக்குச் செய்வதைப் போலவே தேய்த்து, நாரை வைத்து, ரெசின் பூசி, காய்ந்தபின் புது ஓட்டை போட்டு மாட்டினார். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது.

தேனிப் பக்கம் நடந்த ரேஸில் அது மூன்றாவது சுற்றுக்குத் தாங்கவில்லை. ஒட்டு பிய்ந்து, ஷ்ரவுட் காற்றில் விரிந்து அடித்து, திருப்பத்தில் காலை நீட்டியபோது பிளெஸ்ஸியின் முழங்காலுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. ஆபத்து என்று கொடி காட்டி அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். அப்போது அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் அண்ணனிடம் நேராக வந்தாள்.

"நீ ஒட்டுனது தோல் உரிஞ்ச மாதிரி கழண்டு வந்துருச்சுண்ணே."

"நான் ஒட்டுனதா? இருக்காது. பக்கத்துல வேற எங்கயாச்சும் ஒடைஞ்சிருக்கும்."

"இந்தா, நீயே பாரு."

ரெசின் ஒட்டைக் கையில் கொடுத்தாள். பீட்டர் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் வழவழவென்று இருந்தது. பிளாஸ்டிக்கின் ஒரு துணுக்குகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. படகு வேலையில் ஒட்டு விட்டுப்போனால் பக்கத்து நாரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். இது ஒட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

அடுத்து அலுமினியத் தகடு வெட்டி ரிவெட் அடித்தார். ரிவெட் ஓட்டைகளின் வரிசையிலேயே பிளாஸ்டிக் கிழிந்தது. பிறகு ஓட்டை போட்டு ஜிப் டையால் வலை பின்னுவதுபோல இழுத்துக் கட்டினார். அது அறுந்தது. சலித்துப்போய்ப் புது ஷ்ரவுட்டுக்கு ஆர்டர் போட்டார்கள். பல வாரம் காத்திருந்தபின் வந்தது, வேறு வருஷத்து வண்டிக்கானது. மேல் போல்ட்டுக்கே சேரவில்லை. அதைத் திருப்பியனுப்பி, மறுபடி காத்திருந்து, சரியானது வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. பீட்டரே மாட்டினார். கீழ் ஓட்டை போல்ட்டுக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளி நின்றது. புது சாமான் அப்படித்தான் இருக்கும் என்று இழுத்துப் பிடித்து முடுக்கினார்.

இரண்டாவது ஞாயிறே அதே இடத்தில் கிழிந்தது. இந்த முறை பிளெஸ்ஸி விழக்கூட இல்லை.

பீட்டர் போல்ட்டைக் கழற்றினார். போல்ட் தலை பிளாஸ்டிக்குக்குள் அமுங்கிப் பள்ளம் பண்ணியிருந்தது.

"இது நான் வச்ச டைட் இல்லயே. யாரு இறுக்குனது?"

"நான்தான். ஒவ்வொரு தடவையும் ஓட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இறுக்கிக்கிருவேன்."

"உள்ள ஒரு சின்ன இரும்பு புஷ் இருக்குமே, அது எங்க?"

"அது தடுத்துச்சு, டைட் ஏறல. எடுத்துட்டேன்."

"தடுக்குறதுக்குத்தான்டி அது இருக்கு! பிளாஸ்டிக்க நசுக்காம போல்ட் அதுல போயி நிக்கணும். நான் மாட்டிக் குடுத்தத எதுக்கு நீ தொடுற?"

"நீ மாட்டிக் குடுத்தது தேனியில எப்புடி நின்னுச்சுன்னு பாத்தேன்ல. ஆடிட்டு இருந்தா கால்ல மாட்டாதா? விழுறது நீயா, நானா?"

பீட்டர் ஸ்பேனரை மணலில் வீசிவிட்டுப் போனார். ஸ்பேனரை எடுத்து வைத்தது பிளெஸ்ஸிதான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பு வேண்டுமென்றால் வனிதாவிடம் கேட்டார்கள்.

"ஒரு றெக்கைக்காக அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்களே, வெளில தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள் வனிதா.

"சிரிக்கட்டும்" என்றார் பீட்டர்.

அவருக்குக் கோபம் ஆறவில்லை. தங்கை இறுக்கியது பாதித் தப்பு என்றால், அந்த ஷ்ரவுட்டையே கோணலாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது மீதி என்று நம்பினார். அதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது. படகு கோணியிருக்கிறதா என்று பார்க்க முன்முனையிலிருந்து இரண்டு பக்கமும் நூல் பிடிப்பார். அதே நூலை எடுத்து வந்து வண்டியின் ஹேண்டில் கழுத்தில் கட்டி, வலது ஷ்ரவுட்டின் கீழ் ஓட்டைக்கு ஒரு அளவும், கீழ் போல்ட் இல்லாமல் நின்ற இடது ஷ்ரவுட்டின் ஓட்டைக்கு ஒரு அளவும் பிடித்தார். இரண்டும் சமமாக இருந்தன. ஷ்ரவுட்டில் கோணல் இல்லை.

எரிச்சலோடு நூலை ரேடியேட்டரில் இருந்த போல்ட் இடத்துக்கு இழுத்தார். வலதில் சரியாக இருந்தது. இடதில் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு நூல் எட்டவில்லை.

முதல் தடவை மணலில் விழுந்த அன்றே இடது ரேடியேட்டர் பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. மூடிக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியாத மடக்கு. அதற்குப் பிறகு என்ன மாட்டினாலும், யார் மாட்டினாலும், பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத்தான் போல்ட் போட்டிருக்கிறார்கள். வண்டி குதிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பு ஓட்டையைத் தின்றிருக்கிறது. பீட்டர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. கோடையே போய்விட்டதே என்றுதான் தோன்றியது.

"வனிதா, அவளக் கூப்பிடு" என்றார்.

"நீங்களே கூப்பிடுங்க. இங்கிட்டுத்தான நிக்கிறா."

பிளெஸ்ஸி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்து குனிந்து நூலைப் பார்த்தாள். ஒரு பேசினை எடுத்து வந்து ரேடியேட்டர் தண்ணீரை வடித்தாள்.

நிமிர்த்துவதில்தான் பயம். ரேடியேட்டர் மெல்லிய அலுமினியம். வேகமாக இழுத்தால் ஓரம் விட்டு ஒழுகும், பிறகு வண்டியே முடிந்தது. பீட்டர் அதன் தகட்டு வரிகள் நசுங்காமல் ஒரு மரப்பலகையை அணைத்து வைத்து, சரக்குக் கட்டும் பட்டையைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தார். பிளெஸ்ஸி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் படக்கென்று ஒரு சத்தம். பீட்டர் பட்டையை விட்டார். பார்த்தால் ரேடியேட்டரைத் தாங்கும் பழைய ரப்பர்தான் நழுவியிருந்தது.

"மெதுவாண்ணே."

"மெதுவாத்தான் இழுக்குறேன்."

அத்தனை நாளைக்குப் பிறகு அவர்கள் பேசியது அதுதான். நூல் இரண்டு பக்கமும் சமமாக வந்தபின் தண்ணீரை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒழுகவில்லை.

இன்னொரு புது ஷ்ரவுட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. குன்றாண்டார்கோவில் பக்கம் ரேஸ் வந்துவிட்டது. கிழிந்ததையே தேற்ற வேண்டும். பிளெஸ்ஸி அதன் உள்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, போனில் தேடினாள்.

"பாலி எத்திலினாம். இதுல எந்தப் பசையும் பிடிக்காதாம், ரெசினும் பிடிக்காதாம். அதே எனம் பிளாஸ்டிக்க உருக்கித்தான் சேக்கணுமாம்."

"இத மொதல்லயே பாத்துருக்கக் கூடாதா?"

"படகையே ஒட்டுற ஆளுன்னு நம்பிட்டேன்."

பீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, மிதவைக்குப் போட்ட பழைய நீல டிரம்மில் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஒரு துண்டு வெட்டினார். கிழிசல் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் ஊசித் துளை போட்டார். பிறகு சால்டரிங் அயர்னால் இரண்டு பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கினார். முதலில் வேண்டாத துண்டில் பழகியபோது கருகிப் புகைந்தது; சூட்டைக் குறைத்து, பொறுமையாகத் தேய்த்தபோது நீலமும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்தன. ஆறியபின் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. புஷ்ஷைப் போட்டு, ரப்பர் வாஷரும் அகல வாஷரும் வைத்து, போல்ட்டை மாட்டினார். அது தானாக ஓட்டைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. ஸ்பேனரைத் தங்கையிடம் நீட்டினார்.

"நீயே வை. புஷ்ல போயி நிக்கும், அதோட விட்ரு."

அவள் வைத்தாள். நின்றதும் விட்டுவிட்டாள்.

ரேஸ் ஒரு வறண்ட கண்மாய்க்குள் நடந்தது. செம்மண் புழுதியில் முதல் திருப்பத்திலேயே யாரோ இடித்து பிளெஸ்ஸி விழுந்தாள், அதுவும் இடது பக்கமாக. பீட்டர் கயிற்றைத் தாண்டி ஓடப்போனார், தடுத்துவிட்டார்கள். அவள் எழுந்து வண்டியைத் தூக்கி, கடைசி ஆளாகக் கிளம்பினாள். ஷ்ரவுட் அசையவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டி நான்காவதாக வந்தாள். பீட்டர் கயிற்றில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு குறுகலான ஒரு திருப்பத்தில் வண்டி நின்றுபோனது. விழுந்தபோதே கீறல் விட்டிருந்த கிளட்ச் லிவர், அவள் விரலைப் போட்டதும் கையோடு வந்துவிட்டது. மறுபடி கிளப்ப முயன்றுகொண்டிருக்கும்போதே எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருவரும் அதன் முன்னால் நின்றார்கள். அப்போது வனிதா போன் செய்தாள்.

"றெக்கை நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்பறம் ஏன் ஒங்க கொரலு இப்புடி இருக்கு?"

"வண்டியும் நின்னுபோச்சு."

பிளெஸ்ஸி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். பீட்டர் அவள் முகத்தில் அப்பியிருந்த புழுதியைத் துண்டால் துடைத்துவிட்டார். "நாலாவதா வந்தடி நீ. கடைசி ஆளாக் கெளம்பி நாலாவது" என்றார். அவர் அவளிடம் அப்படி ஏதாவது சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் அதைக் கவனித்தாள்.

உடைந்த லிவரைப் பீட்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இங்கிட்டு எங்கயும் கெடைக்காதுண்ணே. ஒட்ட முடியுமா?"

பீட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்ல வண்டிய ஏத்துவோம்" என்று சொல்லி, பின்சக்கரத்தைப் பிடித்தார்.